மாமியாரின் கூஜா

அறுபத்து நாலாம் வருஷம், மழைக்காலம் முடிகிற சமயத்தில் இது ஆரம்பித்தது. பம்பாய் மாதுங்காவில் ஒரு மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒடுக்கமாக ஒரு பால்கனி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கணவருக்கு ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. மாமியார் எங்களோடு இருந்தார் என்று சொன்னால் தப்பு. மாமியார் வீட்டில் நாங்கள் இருந்தோம்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து முப்பது வருஷமாகியும் அவருடைய மடி, ஆசாரத்தில் ஒரு இழை பிரியவில்லை. வெளியே ஒரு வாய் ஜலம் குடிக்க மாட்டார். தாதருக்குக் கறிகாய் வாங்கப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி, திருகு மூடி போட்ட ஒரு வெண்கலக் கூஜா கூடவே போகும். வீட்டு ஜலம் அதில் இருக்கும். அதை வேறு யாரும் தொடக்கூடாது. அவரே குடித்தாலும் அண்ணாந்துதான் குடிப்பார், உதடு படாது. என் கணவர் ஒரு தடவை அவசரத்தில் அதில் வாய் வைத்துக் குடித்துவிட்டார் என்பதற்காக, அதைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, பெற்ற பிள்ளையோடு சாயங்காலம்வரை பேசாமல் இருந்தவர்.

மாதத்தில் அந்த மூன்று நாள் எனக்குப் பின் பால்கனிதான். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாப்பாடு எட்ட நின்று தட்டில் விழும். ஊரில் இதற்கென்று தனி அறை இருக்கும், யாருக்கும் தெரியாது. மாதுங்காவில் பால்கனி என்றால் எதிர்க் கட்டடம், பக்கத்துக் கட்டடம், கீழே போகிற கறிகாய்க்காரி எல்லோரும் பார்ப்பார்கள். யார் எப்போது உட்கார்ந்தாள் என்பது தெருவுக்கே தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது வெட்கமாகக்கூட இல்லை, பழகிப் போயிருந்தது. ஆனால் பின்னால் நடந்ததற்கு இந்தப் பால்கனி ஒரு காரணம். அதனால் சொல்கிறேன்.

முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. நடு மத்தியானத்தில் ரத்தம் கொட்ட ஆரம்பித்து, எழுந்து நிற்க முடியாமல் போய், டாக்ஸியில் போட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டு போனார்கள். மயக்கம் கொடுத்துச் சுரண்டி எடுத்தார்கள். "சுத்தம் பண்ணியாச்சு, இனி பயமில்லை" என்றார் டாக்டர். உயிர் பிழைத்தேன். அதில் சந்தேகம் இல்லை. அன்றைக்கு அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தும் ரத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தது. சில வாரம் கழித்து மறுபடியும் அதே நர்ஸிங் ஹோம். "ஏதாவது துளி தங்கியிருக்கும், இன்னொரு தடவை சுத்தம் செய்துவிடலாம்" என்றார்கள். செய்தார்கள். ரத்தம் நின்றது.

நின்றது நின்றதுதான்.

அடுத்த மாதம் நான் பால்கனியில் உட்காரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. என் மாமியார் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் நான் ஜல வாளியைத் தூக்கப் போனபோது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் காப்பிக்குப் பதிலாக ஒரு பெரிய டம்ளர் நிறையப் பால் வந்தது. எதிர்க் கட்டடத்து மாமி ஜன்னலிலிருந்தே, "என்ன, மாட்டுப்பொண்ணைப் பால்கனியில காணுமே, விசேஷமாக்கும்?" என்று கேட்டாள். என் மாமியார், "பகவான் கண்ணைத் திறந்திருக்கார்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. நான் முழுகாமல் இருக்கிறேன் என்பது கோயில் வரைக்கும் பரவிவிட்டது.

நானும் நம்பினேன். ஏன் நம்பக்கூடாது? எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, குடித்தால் குமட்டும். அந்தக் குமட்டலையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். மாதம் ஒரு தடவை அடிவயிற்றில் சுருட்டிப் பிடித்து இழுக்கும். பழைய கரு கலைந்த பயத்தில், அசையாமல் படுத்துக்கொள் என்றார்கள். படுத்துக்கொண்டேன். குடும்ப டாக்டர் வயிற்றை மேலாக அமுக்கிப் பார்த்துவிட்டு, "இருக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். இருக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என் மாமியார் பூச்சூட்டலுக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பாலக்காட்டில் என் அம்மாவுக்குக் கடிதம் போய்விட்டது.

ஆனால் வயிறு மேடு தட்டவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்ப்பேன். கணவரிடம் சொன்னால், "ஒல்லி உடம்பு, மெதுவாத்தான் தெரியும்" என்பார். ஒரு தடவை வலி தாங்க முடியாமல் போனபோது, ஆபீஸில் யாரோ சொன்னார்கள் என்று, ஒரு பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப் போனார். மாமியாரும் கூஜாவோடு வந்தார்.

அங்கே ஒரு மராத்திக்கார டாக்டரம்மா. நரைத்த தலை, தூக்கிச் சொருகிய புடவை, தூங்கிப் பல நாளான மாதிரி கண்கள். பரிசோதித்து முடித்துவிட்டு, வயிற்றில் ஒன்றும் இல்லை என்று ஹிந்தியில் சொன்னார். கணவர் அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்லாமலே மாமியாருக்குப் புரிந்துவிட்டது. கடைசியாக எப்போது தூரமானாய் என்று டாக்டரம்மா கேட்டார். இரண்டாவது தடவை சுத்தம் செய்த பிறகு ஆகவே இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு மை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மை உள்ளே பரவ இடமில்லாமல் ஒரு மூலையில் கொஞ்சூண்டு தேங்கி நின்றது. கருப்பையின் உள் சுவர்களைச் சுரண்டும்போது சில பேருக்கு அது ஆழமாகப் பட்டுவிடுமாம். புண் ஆறும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றோடு ஒன்று ஒட்டித் தழும்பாகிவிடுமாம். தானாகக் கலைந்து தானாக வெளியே வந்துவிட்டால் இப்படி ஆவது அபூர்வம், ஒரு தடவை சுரண்டினாலும் அநேகம் பேருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பச்சைப் புண்ணில் சில வாரத்துக்குள் மறுபடியும் சுரண்டினால் பயம் அதிகம் என்று அவர் விளக்கினார். கணவர் தட்டுத் தடுமாறி அதைத் தமிழாக்கினார். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பளத்தைக் காயறதுக்குள்ள அடுக்கினா ஒட்டிக்குமே, அந்த மாதிரியா?" என்றார். டாக்டரம்மாவுக்கு அதை ஹிந்தியில் சொன்னதும், அதேதான் என்கிற மாதிரி "பராபர்" என்று தலையாட்டினார்.

அப்படியானால் அந்த நர்ஸிங் ஹோமில் செய்தது தப்பா என்று கணவர் கேட்டார். "முதல் தடவை செய்துதான் ஆக வேண்டும். இரண்டாவது தடவை, நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது" என்றார் டாக்டரம்மா. எனக்கு யாரையும் திட்டத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மாமியார் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஜன்னல் பக்கமே போகவில்லை. ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "நானே ஊரெல்லாம் சொன்னேனே" என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு என் துக்கத்தைவிட அவர் மேல் பரிதாபம் அதிகமாக வந்தது. நாலு மாதமாக இல்லாத ஒரு குழந்தையை நாங்கள் இரண்டு பேருமாகச் சுமந்திருந்தோம். அது எங்கே போயிற்று என்று தெருவில் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கலைந்துவிட்டது என்றுதான் சொன்னோம். ஒரு விதத்தில் அது உண்மைதான்.

சிகிச்சைக்கு நான் போன சமயம் ஆஸ்பத்திரியில் ஒரே திருவிழாக் கூட்டம். குழந்தை வேண்டாம் என்பவர்களுக்குக் கருப்பைக்குள் லூப் வைக்கிற காலம் அது. என் ஒட்டலைப் பிரித்துவிட்டு, மறுபடியும் ஒட்டாமல் இருக்க நடுவில் அதே லூப்பைத்தான் சில மாதம் வைக்கப் போவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் என்னையும் அந்த பெஞ்சிலேயே உட்கார்த்தி வைத்தார்கள். பக்கத்தில் தாராவியிலிருந்து வந்த ஒரு திருநெல்வேலிக்காரப் பெண். புருஷன் தோல் கிடங்கில் வேலை பார்க்கிறானாம்.

"யம்மா, ஒங்களுக்கு எத்தன பிள்ளைய?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"இல்லியா? பொறவு எதுக்கு இங்கன வந்து உக்காந்திருக்கிய?"

சொன்னேன். ஏனோ அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் கட்டடத்தில் ஒருத்தியிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "எனக்கு நாலு கெடக்கு. நடுவுல ஒண்ணு தங்கல. தானாவே போயிட்டு. நான் பாட்டுக்குத் தண்ணிக் கொடம் சொமந்துக்கிட்டு அலஞ்சேன். அடுத்த வருசமே இன்னொண்ணு வந்துட்டு." பிறகு சிரித்துவிட்டாள். "அப்பம் எனக்குப் பிள்ள வராம இருக்கவும் இதான், ஒங்களுக்குப் பிள்ள வரவும் இதானா? நல்ல கூத்தா இருக்கே!"

நானும் சிரித்தேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். அவளுக்குத் தானாகப் போனது அவள் அதிர்ஷ்டம், அப்படி விட்டு ரத்தம் வடிந்தே செத்தவர்களும் இதே வார்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மா பின்னால் சொன்னார். எது யாருக்கு நல்லது என்பதை உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடும்.

ஒட்டலைப் பிரித்தார்கள், லூப் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வலி, குமட்டல், மறுபடியும் பரிசோதனை, மறுபடியும் வரிசை. அந்த வருஷத்தை நினைத்தால் பெஞ்சுகள்தான் ஞாபகம் வருகின்றன. லூப்பை எடுத்துவிட்ட பிறகு, ஒரு நாள் காலையில் எழுந்தபோது துணியில் கறை. நேரே போய்ப் பால்கனிப் பாயில் உட்கார்ந்தேன். கண்ணில் ஜலம் கொட்டுகிறது. சமையலறை வாசலில் மாமியார் வந்து நின்றார்.

"வந்துடுத்தா?"

"வந்துடுத்து."

அவர் உள்ளே போனார். அன்றைக்குச் சாப்பாட்டோடு பால் பாயசம் இருந்தது. வழக்கம் போல எட்ட நின்று, உயரத்திலிருந்து என் டம்ளரில் ஊற்றினார். ஒரு சொட்டு என் மேல் தெறிக்கவில்லை.

அறுபத்து ஏழாம் வருஷம் மழை பிடித்த மாதத்தில் நான் நிஜமாகவே உண்டானேன். இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை. பால் வரவில்லை, மாமியார் வாளியை மட்டும் பிடுங்கிக்கொண்டார். டாக்டரம்மா பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் அது தங்கவில்லை. மூன்றாம் மாதம் தொட்டதும் ரத்தம் காட்டியது. எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. சரி, மறுபடியும் முதலிலிருந்து என்று மட்டும் தோன்றியது.

கணவர் பதறிப் போய், "பக்கத்துல இருக்கற நர்ஸிங் ஹோமுக்கே போயிடலாம், சட்டுனு சுத்தம் பண்ணி விட்டுடுவா" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மாமியார், "ஒட்டினதைப் பிரிச்சதே பெரும் பாடு. அந்தம்மாகிட்ட கேக்காம யாரும் இவ மேல கை வெக்கக் கூடாது" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது நிற்காது, ஆனால் தானாக வெளியே வர வாய்ப்பு இருக்கிறது, ரத்தம் அளவோடுதான் இருக்கிறது, ஜுரம் இல்லை என்றார். வார்டில் தரையில்கூட இடம் இல்லை. வீடு பக்கம்தானே, போய்ப் படுத்துக்கொள், துணி மேல் துணியாக நனைந்தாலோ குளிர் ஜுரம் வந்தாலோ அந்த நிமிஷமே வா என்றார். பிறகு விரலை நீட்டி ஒன்று சொன்னார். வெளியே வருவதைக் கழுவிக் கொட்டிவிடக் கூடாது. அப்படியே பிடித்து அவரிடம் கொண்டு வர வேண்டும். முழுசாக வந்துவிட்டது என்று அவர் கண்ணால் பார்த்தால் உள்ளே ஆயுதம் விட வேண்டாம். பார்க்க முடியாவிட்டால், துண்டு தங்கி விஷமாகிவிடுமோ என்று பயந்து அவரும் சுரண்டத்தான் வேண்டியிருக்கும். இன்னொரு சுரண்டலை இந்தக் கருப்பை தாங்குமா என்று அவரால் சொல்ல முடியாது. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமியாருக்குத் தமிழில் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நான் வழக்கம் போலப் பால்கனிக்குப் போனேன். மழைச் சாரல் பாயெல்லாம் நனைத்திருந்தது. மாமியார் பின்னாலேயே வந்து, "உள்ளே வந்து படு" என்றார். நான் தயங்கினேன். "ரத்தம்..." என்றேன். "தெரியறது. கூடத்துக் கட்டில்ல படு." பழைய புடவைகளைக் கிழித்து அடுக்கினார். ஒரு எனாமல் பேசினைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். நான் மாற்றிப் போட்ட துணிகளை எடுக்கக் கை நீட்டியபோது, அவரே எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். அந்த நாட்களில் என் நிழல்கூட மேலே படாமல் ஒதுங்குகிறவர் என் கறைத் துணிகளைக் குந்தி உட்கார்ந்து அலசுகிற சத்தத்தை நான் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் உடம்பு கூசியது. தடுக்கவும் தெம்பில்லை.

மறுநாள் காலை, கணவர் ஆபீஸ் கிளம்பிப் போன பிறகு வலி எடுத்தது. மாமியார் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். என்னை அவர் தொட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. வலி தளர்ந்ததும் பேசினைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. "வந்துடுத்து கொழந்தே" என்றார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் மட்டுப்பட்டது.

இப்போது இதை எப்படிக் கொண்டு போவது? வெளியே கொட்டு கொட்டென்று மழை. ரயில் ஓடவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். டாக்ஸி கிடைக்காது. பஸ்ஸில் மூடாத பாத்திரத்தைக் கொண்டு போக முடியாது. மாமியார் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். சம்புடத்து மூடி சரியாக நிற்காது. டிபன் கேரியர் கணவரோடு போய்விட்டது. சத்தம் நின்றது. திரும்பி வந்தபோது அவர் கையில் கூஜா இருந்தது. அதிலிருந்த ஜலத்தைத் துளசித் தொட்டியில் கொட்டிவிட்டு வந்திருந்தார்.

"அம்மா, அது உங்க கூஜா..."

"திருகு மூடி. ஒரு சொட்டு சிந்தாது. நீ புடவையை மாத்து."

இரண்டு பேரும் ஒரு குடைக்குள் மெல்ல நடந்து பஸ் பிடித்தோம். தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பஸ் நகர்வேனா என்றது. யாரோ எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்து, கூஜாவை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வழியில் பஸ் நின்றேவிட்டது. ஜன்னல்களைச் சாத்தியதால் உள்ளே ஒரே புழுக்கம்.

எதிர் சீட்டில் எங்கள் ஊர்ப் பக்கத்து மனுஷி ஒருத்தி, மடியில் மூன்று வயசுக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை தாகத்தில் சிணுங்கிக்கொண்டே இருந்தது. அவள் கூஜாவைப் பார்த்தாள். கூஜாவைப் பார்த்தால் எங்கள் மனிதர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

"மாமி, கொழந்தைக்கு ஒரு வாய் ஜலம் குடுக்கறேளா? தொண்டை வறண்டு போய் அழறது."

மாமியார் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "இதுல ஜலம் இல்லைம்மா" என்றார்.

பஸ் மறுபடி கிளம்பிக் குலுங்கியபோது கூஜாவுக்குள் ஏதோ தளும்பியது. அந்தப் பெண்ணுக்கும் கேட்டது. குழந்தை கையை நீட்டியது. மாமியார் கூஜாவை இன்னும் இறுக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"மடியாம் மடி!" என்றாள் அவள், பஸ்ஸுக்கே கேட்கும்படி. "பச்சைக் கொழந்தை வாய்க்கு ஒரு சொட்டு ஜலம் ஊத்தினா கூஜா தீட்டாயிடுமோ? நன்னாருக்கு ஒங்க ஆசாரம்."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன். மாமியார் என் கை மேல் தன் கையை வைத்து அழுத்தினார். வாழ்நாளெல்லாம் யாரிடமும் ஒரு சொல் வாங்காதவர், தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை அந்தக் குழந்தையின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கூஜாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா கூஜாவைத் திறந்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி, விளக்கைக் கிட்டே இழுத்து, ஒரு குச்சியால் மெதுவாக விரித்து விரித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நான் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் மயக்க மருந்து வாசனை, மறுபடியும் சுத்தம், மறுபடியும் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டு எல்லாம் இருண்டு போவது. இனிமேல் என்னால் முடியாது என்று நினைத்தேன். சத்தியமாக முடியாது.

"பூரா ஹை" என்றார் டாக்டரம்மா, முழுசாக இருக்கிறது என்று. பிறகு என்னையும் பரிசோதித்துவிட்டு, "கை வைக்க வேண்டாம்" என்று ஹிந்தியில் சொன்னார். ஓர் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். முப்பது வருஷமாக ஹிந்தி புரியாது என்று சாதித்த என் மாமியார் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆயா கூஜாவைக் காட்டி, குப்பையில் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். மாமியார் எழுந்து, கூஜாவை வாங்கிக் குழாயடியில் கழுவி, இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

அதற்குப் பிறகு அந்தக் கூஜா சமையலறைக்குள் வரவில்லை. வேறு வாங்கவும் இல்லை. பரணில் ஒரு ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. வெளியே போனால் வெறும் கையோடு போய், நாக்கு உலர்ந்து திரும்பி வருவார். அருவருப்பா, துக்கமா, அந்த பஸ் குழந்தையின் ஞாபகமா, எதுவென்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நியாயம்தான்.

அறுபத்து ஒன்பதில் எனக்குப் பெண் பிறந்தாள். அதுவும் சுலபமாக நடக்கவில்லை. குழந்தை வந்த பிறகு நஞ்சுக்கொடி லேசில் பிரியாமல், பழைய தழும்பு பிடித்துக்கொண்டதோ என்னவோ, டாக்டரம்மா கையை விட்டு எடுக்க வேண்டியதாகி, ரத்தம் ஏற்றினார்கள். இத்தோடு போதும், இனிமேல் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. பெண்ணைப் பக்கத்தில் கிடத்தினார்கள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் அதற்குக்கூட உடம்பில் சக்தி இல்லை.

சாயங்காலம் மாமியார் வந்தார். கையில் கூஜா. பளபளவென்று தேய்த்திருந்தார். சூடாக ஆவி பறந்தது. சீரகம் போட்டுக் காய்ச்சிய ஜலம். எனக்கு நிமிர்ந்து உட்கார முடியவில்லை. டம்ளர் எங்கே என்று தேடினேன். அவர் என் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கூஜாவை என் வாய்க்குக் கிட்டே கொண்டு வந்தார். பழக்க தோஷத்தில் அண்ணாந்து வாயைத் திறந்தேன்.

"வாய் வெச்சே குடி" என்றார்.

குடித்தேன். நான் குடித்து முடித்ததும், துடைக்காமல், அதே விளிம்பில் அவரும் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தார். பிறகு குழந்தையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த உடம்பையும் அதற்கு நடந்ததையும் நினைத்தால் எனக்கு இப்போதும் களைப்புத்தான் முதலில் வருகிறது. ஆனால் எத்தனையோ பேர் கை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டிய ஒன்றாகவே இருந்த என்னை, அன்றைக்கு ஒருத்தர் வாய் வைத்துக் குடிக்கச் சொன்னார் என்பது ஞாபகம் வரும்போது, அந்த வெண்கல விளிம்பின் சூடு இத்தனை வருஷம் கழித்தும் என் உதட்டில் தெரிகிறது.